நோஞ்சான் என்று நம்பிய கிருமி: துகேலா ஃபெர்ரி, 2005

தேறி வந்தவர்கள்தான் செத்தார்கள். மருத்துவர்களுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், நம் ஆட்களுக்குப் பெயரளவிலாவது பழக்கமான டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சில மணி நேரம் போனால் துகேலா ஆற்றங்கரையில் துகேலா ஃபெர்ரி என்ற சிற்றூர் வரும். சுற்றிலும் ம்சிங்கா வட்டாரத்து ஜூலு கிராமங்கள். அத்தனை கிராமங்களுக்கும் கதி, பழைய மிஷன் காலத்துப் பெயரையே வைத்துக்கொண்டிருந்த சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரி. எச்ஐவி மருந்து அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் வைரஸ் அடங்கியது. கூடவே டிபி மருந்தும் தவறாமல் போனது. அப்படி இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த சிலர், வைரஸ் அடங்கிய நிலையிலேயே டிபியில் போய்விட்டார்கள்.

அங்கு பணியாற்றிய மருத்துவர் டோனி மோல் சளி மாதிரிகளை எடுத்து டர்பன் ஆய்வகத்துக்கு அனுப்பினார். நீல் காந்தி, ஜெரால்டு ஃப்ரீட்லண்ட், வில்லெம் ஸ்டர்ம் ஆகியோரும் சேர்ந்துகொள்ள அது முறையான ஆய்வாயிற்று. 2005 ஜனவரியிலிருந்து 2006 மார்ச் வரை 1,539 பேரின் சளி. 221 பேருக்கு எம்டிஆர், அதாவது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் மசியாத டிபி. அவர்களில் 53 பேருக்கு எக்ஸ்டிஆர்: அன்றைய வரையறைப்படி, அந்த இரண்டோடு ஃபுளூரோகுயினலோன் வகை மருந்தும், ஊசி மருந்தும்கூடக் கேட்காது. எச்ஐவி பரிசோதனை செய்துகொண்ட 44 பேருக்கும் எச்ஐவி இருந்தது. 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். இறந்த தேதி உறுதியாகத் தெரிந்த 42 பேரைக் கணக்கெடுத்தால், சளி எடுத்த நாளிலிருந்து அவர்கள் தாங்கிய நாட்களின் நடுமதிப்பு 16. டிபி கல்ச்சர் (சளியிலிருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது) வளரவும் அதில் மருந்துப் பரிசோதனை செய்யவும் வாரக்கணக்கில் ஆகும். ரிசல்ட் தாள் வார்டுக்கு வந்தபோது பெரும்பாலான கட்டில்களில் வேறு ஆள் படுத்திருப்பார்.

53-ல் 52 என்ற எண்தான் 2006-ல் உலகம் முழுக்க ஓடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் வேறு இரண்டு எண்கள். விவரம் கிடைத்த 47 எக்ஸ்டிஆர் நோயாளிகளில் 26 பேர் அதற்குமுன் டிபி மருந்தே சாப்பிட்டதில்லை. மரபணு ரேகை பார்த்த 46 பேரில் 39 பேரிடம் இருந்தது கிட்டத்தட்ட ஒரே கிருமி. பாதியில் மருந்தை நிறுத்தியவர் உடம்பில்தான் எதிர்ப்பு உருவாகும், அதற்கு அவரே பொறுப்பு என்ற வழக்கமான விளக்கம் இங்கே எடுபடாது. இவர்கள் தயாராக இருந்த எதிர்ப்புக் கிருமியை மூச்சில் வாங்கிக்கொண்டவர்கள். அப்படியானால் அந்தக் கிருமி நன்றாகப் பரவியிருக்கிறது. பரவியிருக்கக் கூடாது என்பதுதான் அதுவரை பலரும் நம்பியது.

நுரைக்காத காலனி

அந்த நம்பிக்கை ஆதாரமில்லாமல் வந்ததில்லை. 1952-ல் ஐசோனியசிட் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அதற்கு மசியாத கிருமிகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் கார்ட்னர் மிடில்புரூக் அவற்றைக் கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். டிபி என்றால் சுருண்டு விழும் பிராணி அது. ஆனால் எதிர்ப்புக் கிருமிகளில் பல அதற்குப் பெரிய நோயைத் தரவில்லை.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டையும் மாலகைட் கிரீன் சாயமும் கலந்து சூட்டில் இறுக வைத்த பச்சை மீடியத்தில், மூன்று நான்கு வாரம் கழித்து, டிபி கிருமி ரஸ்க்கைப் பொடித்துத் தூவியது போல வெளிர் மஞ்சளாகச் சொரசொரவென்று வளர்ந்து நிற்கும். அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் பொங்கி நுரைக்கும், புண்ணில் விட்டால் நுரைக்கிற மாதிரி. கிருமியிடம் உள்ள கேட்டலேஸ் நொதியின் வேலை அது. ஐசோனியசிட்டுக்கு நன்றாக எதிர்ப்புக் காட்டிய பல காலனிகள் நுரைக்கவில்லை.

ஐசோனியசிட் கிருமிக்குள் நுழையும்போது விஷமில்லை. கிருமியின் அந்தக் கேட்டலேஸ் நொதிதான் அதைத் தட்டி எழுப்பி விஷமாக்குகிறது. நொதியைத் தயாரிக்கும் கேட்-ஜி என்ற மரபணுவைத் தொலைத்துவிட்டால் மருந்து தூங்கியபடியே கிடக்கும், கிருமி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நொதிக்கு அசல் வேலை வேறு. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியதும் அதன்மேல் பெராக்சைடைக் கொட்டும், அதைச் சமாளிக்கத்தான் கிருமி கேட்டலேஸை வைத்திருக்கிறது. திருடனுக்குப் பயந்து கூரையைப் பிரித்துப் போட்டால் அடுத்த மழைக்கு எங்கே ஒதுங்குவது? இதைத்தான் ஃபிட்னஸ் காஸ்ட் என்கிறார்கள். எதிர்ப்பைப் பெறுவதற்காகக் கிருமி தன் வாழ்திறனில் கொடுக்கும் விலை.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் டிபி குணமாகும் என்று நிரூபித்ததற்காகப் பெயர் பெற்றது. அதே மையத்தில், ஐசோனியசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் போதுமா என்ற சோதனையும் நடந்து 1960-ல் வெளியானது. தனி மருந்து மலிவு, அந்தக் கவர்ச்சி பெரிது. அதோடு, எதிர்ப்பு வந்தால்தான் என்ன, அந்தக் கிருமி நோஞ்சான்தானே என்ற எண்ணமும் அக்காலத்தில் உலவியது. ஐசோனியசிட்டோடு பாஸ் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததே மேல் என்று சோதனை காட்டியது.

அதைவிடச் சுவாரசியமானது அங்கிருந்து லண்டனுக்குப் போன கிருமிகளின் கதை. டெனிஸ் மிட்சிசனின் குழு தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப் பன்றிகளில் ஒப்பிட்டது. எதிர்ப்பே இல்லாத நிலையிலும் தென்னிந்தியக் கிருமிகளில் பல வீரியம் குறைந்தவை, பெராக்சைடுக்கும் எளிதில் சாகிறவை. ஆனால் அந்தக் கிருமிகளைத் தந்த சென்னை நோயாளிகளில் ஏராளமானோருக்கு நுரையீரலில் குழி விழுந்து நோய் முற்றியிருந்தது. கினிப் பன்றியிடம் தோற்ற கிருமி மனிதரிடம் ஜெயித்திருக்கிறது. இந்தச் சேதியை அப்போதே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

குடுவைக்குள் பந்தயம்

ரிஃபாம்பிசின் விவகாரம் வேறு மாதிரி. டி.என்.ஏ-வைப் படித்து ஆர்.என்.ஏ எழுதும் பாலிமரேஸ் இயந்திரத்தில், எழுதிய இழை வெளியே வரும் வழியை அந்த மருந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று எழுத்தோடு வேலை நின்றுவிடும். மருந்து வந்து உட்காரும் பள்ளத்தை வடிவமைப்பது ஆர்பிஓ-பி என்ற மரபணு. எதிர்ப்பை உண்டாக்கும் மாற்றங்களில் சுமார் 95 சதவீதம் அதன் 81 எழுத்து நீளத் துண்டுக்குள்ளேயே நடக்கின்றன. கேட்டலேஸைப் போல இந்த மரபணுவைத் தூக்கி எறிய முடியாது, இது இல்லாமல் உயிரில்லை. பள்ளத்தின் வடிவத்தைக் கொஞ்சம் நெளிக்கலாம், அவ்வளவுதான். நெளித்தால் இயந்திரம் மக்கர் பண்ணும்.

எவ்வளவு மக்கர் என்று அளந்தவர்கள் செபாஸ்டியன் காக்னோவும் கூட்டாளிகளும். 2006-ல் சயன்ஸ் இதழில் வந்த அந்த ஆய்வின் செய்முறை ரொம்ப எளிது. மருந்துக்கு மசியும் கிருமியையும் அதிலிருந்து பிறந்த எதிர்ப்புக் கிருமியையும் ஒரே குடுவையில் சமமாகப் போட்டு, மருந்து இல்லாமல் வளர விடுவது. பிறகு ரிஃபாம்பிசின் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்பி எண்ணினால் யார் முந்தினார் என்று தெரிந்துவிடும். செய்முறைதான் எளிது, பொறுமை வேண்டும். ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். டிபி கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். தட்டில் காலனி கண்ணில் படவே வாரங்கள்.

ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புக் கிருமிகள் எல்லாமே தோற்றன. எந்த மாற்றம் என்பதைப் பொறுத்து தோல்வி கூடியது, குறைந்தது. ஆர்பிஓ-பி புரதத்தின் 450-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் வரும் மாற்றத்துக்கு விலை மிகக் குறைவு. உலகெங்கும் நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவதும் அதே மாற்றம். ஆனால் உண்மையான நோயாளிகளிடமிருந்து, சிகிச்சைக்கு முன் எடுத்த கிருமியையும் எதிர்ப்பு வந்தபின் எடுத்த கிருமியையும் மோத விட்டபோது, அந்த 450 மாற்றம் உள்ளவற்றில் பெரும்பாலானவை தோற்கவேயில்லை. நோயாளியின் நுரையீரலில் மாதக்கணக்கில் இருந்தபோது அவை எங்கோ கணக்கைச் சரிக்கட்டிவிட்டன.

எங்கே என்பதற்கு 2012-ல் பதில் வந்தது. அதே குழுவின் இன்யாகி கோமஸ் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்து, அந்தப் பாலிமரேஸ் இயந்திரத்தின் மற்றப் பாகங்களை உருவாக்கும் ஆர்பிஓ-ஏ, ஆர்பிஓ-சி மரபணுக்களில் ஈடுகட்டும் மாற்றங்கள் இருப்பதைக் காட்டினார். ஒரு பல் சக்கரம் நெளிந்தால் அதோடு பொருந்தும் சக்கரத்தையும் நெளித்துக்கொள்வது போல. ரஷ்யாவின் சமாராவில் ஆயிரம் கிருமிகளைப் படித்த நிகோலா கசாலியின் குழுவும் 2014-ல் இதையே கண்டது.

ஐசோனியசிட்டிலும் இதே தந்திரம்தான். கேட்-ஜியை முழுக்கத் தொலைக்காமல், 315-ஆவது இடத்தில் செரினைத் திரியோனினாக மாற்றிக்கொண்டால் மருந்தை எழுப்பும் வேலை கெடும், பெராக்சைடைச் சமாளிக்கும் வேலை பெருமளவு நடக்கும். 2002-ல் பிம், கோல் ஆகியோர் சுண்டெலிகளில் காட்டியபடி அந்தக் கிருமியின் வீரியம் குறையவில்லை. மிடில்புரூக் பார்த்த நுரைக்காத காலனிகளும் உண்மை, இந்தக் கிருமிகளும் உண்மை. நோயாளிகளிடையே நிலைத்துப் பெருகியது விலை குறைந்த வகை.

துகேலா கிருமியின் ஜாதகம்

2015-ல் கீரா கோஹன் உள்ளிட்டோர் குவாசுலு-நட்டாலின் கிருமிகளை எழுத்தெழுத்தாகப் படித்து, மாற்றங்கள் சேரும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் காலம் கணித்தார்கள். துகேலா எக்ஸ்டிஆர் குலத்தில் முதலில் வந்த எதிர்ப்பு அந்த 315 மாற்றம்தான். காலம் சுமார் 1957. ஐசோனியசிட் வந்து ஐந்தே ஆண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்பும் சேர்ந்து எம்டிஆர் ஆனது 1980-களின் நடுவில். எக்ஸ்டிஆர் ஆனது 1990-களின் நடுவில். ஆக, 2005-ல் மோல் சளியை அனுப்பியபோது அந்தக் கிருமிக்கு எக்ஸ்டிஆராகவே பத்து வயது. யாரும் தேடாததால் யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்ததும், விலையை ஈடுகட்டி முழு பலம் பெற்ற கிருமி வார்டில் புகுந்து ஆட்களைக் கொன்றது என்று முடிச்சுப் போடத் தோன்றும். நானும் சில காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2014-ல் வந்த ஓர் ஆய்வு அதைக் கலைத்தது. துகேலா ஃபெர்ரி எக்ஸ்டிஆர் கிருமியைச் சுண்டெலிகளில் ஏற்றி, வேறு பரவல்களின் கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். துகேலா கிருமியின் வீரியம் குறைவாக இருந்தது. 53 பேரில் 52 பேரைக் கொன்ற கிருமி, எலியிடம் நோஞ்சான்.

முரண்பாடு என்று தோன்றினால், விலை என்பதைக் கிருமியின் உடம்பிலேயே எழுதி ஒட்டிய சீட்டாக நாம் நினைப்பதுதான் காரணம். கினிப் பன்றியில் ஒரு விலை, குடுவையில் இன்னொன்று, 2005-ன் அந்த வார்டில் மூன்றாவது ஒன்று. அந்த வார்டைக் கவனியுங்கள். மாகாணத்தில் அந்நாட்களில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தால் பத்தில் நான்கு பேருக்கு எச்ஐவி. வார்டில் படுத்திருப்பவர்களில் பலருக்கு, கிருமியை அடக்கிவைக்க வேண்டிய சிடி4 செல்கள் கரைந்துபோயிருந்தன. பெராக்சைடைக் கொட்டச் சொல்லி வெள்ளணுக்களை முடுக்கிவிட வேண்டியவை அவைதான். அடிக்க ஆளில்லாத வீட்டில் நோஞ்சானும் பயில்வான்தான். கிருமி கொடுத்திருக்க வேண்டிய விலையின் பெரும்பகுதியை நோயாளியின் உடம்பு தள்ளுபடி செய்துவிட்டது.

போட்டியாளர்களின் பக்கம் பார்த்தால் இன்னும் மோசம். ஃபிட்னஸ் என்பது எப்போதும் யாரோடு ஒப்பிட்டு என்ற கேள்வி. மருந்துக்கு மசியும் கிருமிகளை வார்டு மருந்துகள் தினமும் கொன்றுகொண்டிருந்தன. மிஞ்சியது மசியாதது மட்டும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இந்தப் பரவலுக்கு ஓராண்டு முன்பே, 2004-ல், டெட் கோஹனும் மேகன் மர்ரேயும் கணித மாதிரி ஒன்றில் இதைத் தொட்டிருந்தார்கள்: எம்டிஆர் கிருமிகள் சராசரியாகப் பலவீனமாக இருந்தாலும், அவற்றில் ஓரளவு தெம்பான ஒரு சிறுபான்மை இருந்தால் காலப்போக்கில் அதுவே மேலோங்கிவிடும். சராசரியை வைத்து நிம்மதி அடையக் கூடாது என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இருமிப் பரப்ப வேண்டிய ஆள் இரண்டே வாரத்தில் இறந்துவிட்டால் கிருமிக்கும் அது நஷ்டம்தான். எச்ஐவி முற்றியவர்களின் நுரையீரலில் குழி விழுவது குறைவு, சளியில் வரும் கிருமியும் குறைவு. பிறகு எப்படிப் பரவியது? விவரம் கிடைத்த 42 பேரில் 28 பேர் அண்மையில் ஆஸ்பத்திரியில் தங்கியவர்கள் என்பதில் விடையின் ஒரு பாதி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், யாருக்கு எந்த டிபி என்று தெரியாத நிலை, வாரக்கணக்கில் வராத ரிசல்ட். கிருமிக்கு அடுத்த நுரையீரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூரம் குறைந்தால் நோஞ்சானும் ஓடி முடித்துவிடுவான். மறுபாதி ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்தது. அதே மாகாணத்தில் 404 எக்ஸ்டிஆர் நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் சரிதா ஷா குழு வெளியிட்ட முடிவில், 69 சதவீதம் பேர் முன்பு எம்டிஆர் சிகிச்சையே பெறாதவர்கள். அவர்களும் கிருமியை எக்ஸ்டிஆராகவே பிறரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள்.

காற்றோட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரு நாட்டின் லிமாவில் ராட் எஸ்கோம்பின் குழு ஆஸ்பத்திரி அறைகளில் காற்று மாறும் வேகத்தை அளந்து 2007-ல் வெளியிட்டது. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழங்காலக் கட்டடங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மணிக்கு 40 முறை காற்று மாறியது. நவீனக் கட்டடங்களில் 17 முறை. மெஷின் வைத்த அறைகளில் 12. நம் ஊர் பழைய ஆஸ்பத்திரிகளை இடித்துவிட்டு ஏசி வார்டு கட்டும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

துகேலா ஃபெர்ரியில் 2005-ல் கையில் மருந்தில்லை. இன்று ஓரளவு இருக்கிறது. பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினசோலிட் மூன்றையும் சேர்த்துத் தென்னாப்பிரிக்காவில் 109 பேருக்குக் கொடுத்த நிக்ஸ்-டிபி சோதனையில் பத்தில் ஒன்பது பேர் குணமானார்கள். 2020-ல் முடிவு வெளியானது. சோதனை நடந்த இடங்களில் ஒன்று டர்பன். பெடாகுயிலினிலும் விலைக் கணக்கு தொடங்கிவிட்டது. மருந்து நேராகத் தாக்கும் ஏடிபி-ஈ என்ற மரபணுவில் வரும் மாற்றங்களை ஆய்வகத்தில் எளிதாக உண்டாக்கலாம், நோயாளிகளிடம் அவை அபூர்வம். நோயாளிகளிடம் அதிகம் வருவது, மருந்தை வெளியே இறைக்கும் பம்புக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் ஆர்வி 0678 என்ற மரபணு கெட்டுப்போவது. ஒரு பூட்டை உடைப்பதில் கிருமிக்கு அதிகச் செலவில்லை.

குவாசுலு-நட்டாலின் வடக்கு எல்லையைத் தாண்டினால் எஸ்வாட்டினி, அப்போதைய ஸ்வாசிலாந்து. அங்கே 2009-10-ல் எடுத்த தேசிய ஆய்வின் எம்டிஆர் கிருமிகளைப் பிறகு நுணுகிப் பார்த்ததில், 125-ல் 38 கிருமிகளிடம் ஆர்பிஓ-பியின் 491-ஆவது இடத்தில் மாற்றம் இருந்தது. அந்த இடம் 81 எழுத்துத் துண்டுக்கு வெளியே இருக்கிறது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து நாடு நாடாகப் போன எக்ஸ்பர்ட் என்ற மரபணுப் பரிசோதனைக் கருவி பார்ப்பது அந்தத் துண்டை மட்டும். ஆகவே கருவி ‘ரிஃபாம்பிசின் வேலை செய்யும்’ என்று சொல்லும். நோயாளிக்கு அதே மருந்து எழுதப்படும். மசியும் கிருமிகள் சாகும், இது வளரும்.

கருவிதான் ஏமாந்தது, கல்ச்சரில் பிடித்துவிடலாமே என்றால் அங்கும் சிக்கல். 491 போன்ற சில மாற்றங்கள் உள்ள கிருமிகள் மருந்தின் நடுவே வளரும், ஆனால் மெதுவாக வளரும். திரவ மீடியத்தில் வேகமாக முடிவு தரும் எம்ஜிஐடி கருவியில் அவை குறித்த நாட்களுக்குள் எல்லைக் கோட்டைத் தொடாமல், ‘மருந்துக்கு மசியும்’ என்ற முத்திரையோடு வெளியே வந்துவிடும். மிடில்புரூக் காலத்தில் எதைப் பார்த்து நிம்மதி அடைந்தோமோ, அந்த மந்த வளர்ச்சியே இந்தக் கிருமிகளுக்கு மாறுவேடம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அந்தப் பரிசோதனையின் ரிஃபாம்பிசின் அளவை லிட்டருக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. அப்படியும் 491 உள்ளவற்றில் சில அதன் கண்ணில் படாமல் போகின்றன.